பிழைதிருத்தச் சீட்டு

வய்யதோலித் நூலகம், இரவல் பிரிவு,
மூன்றாம் மேசை என்னுடையது.
அவள் வந்த அன்று
குடையிலிருந்து வடிந்த நீர்
வாசற்காரன் பெனீனோவின் செருப்பு வரை ஓடியது.
கைப்பையில் ஒரு பசைப்புட்டி.
இருமல் மாத்திரை டப்பாவில்
தீப்பெட்டி அகலத்துக்கு அச்சிட்ட சீட்டுகள்,
நூற்றுப்பதினான்கு.
அந்தப் புத்தகம் விற்றதே நூற்றுப்பதினெட்டாம்.
நான்கு பிரதிகளில் ஒட்டியாயிற்று.

பெயர்: ஒப்துலியா ரெகேஹோ.
தொழில் என்ற கட்டத்தில்
மொழிநூல் என்று எழுதி அடித்தாள்.
மொழிபெயர்ப்பு என்று எழுதி
அதை மட்டும் அடிக்காமல் விட்டாள்.

போர் முடிந்ததும் வேலையைப் பிடுங்கினார்கள்,
தம்பி எந்தப் பக்கம் நின்று சுட்டான் என்று கேட்டு.
அப்புறம் ஜெர்மனிலிருந்து
தையல் இயந்திரக் கையேடு,
கால்நடை மருந்தின் உறைக்குள் மடித்து வைக்கும் தாள்,
ரயிலில் படித்து ரயிலிலேயே விட்டுப்போகும்
கொலைக்கதைகள்.
தமிழாக்கம், தெலுங்காக்கம் போலத்தான் அங்கேயும்,
முகப்பில் ஒரு பெயர் வேண்டுமே:
பி. கரீயோ.
கரீயோவுக்கு மீசை உண்டு என்று
எப்போதும் நினைத்துக்கொள்வாளாம்.
பக்கத்துக்கு இரண்டு பெசெட்டா.
தணிக்கைக்காரர் வெட்டிய முத்தங்களுக்குக்
கூலி கிடையாது.

இரவில், மிஞ்சிய மையில்,
ஸமோரா மடத்துக் கணக்கேடு.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு, பிப்ரவரி.
ஏழு சகோதரிகள். "செர்லா."
அப்படியொரு சொல் எந்த அகராதியிலும் இல்லை.
எழுதியவளுக்குக் குளிரில் கை நடுங்கியிருக்கும்.
நடுவிலிருந்த "எல்" ஒன்றை எடுத்துவிட்டாள்.
செரா ஆயிற்று. மெழுகு.
ஏழு பேருக்கும் மெழுகுவர்த்தி.
அடிக்குறிப்பில் ஒரு திருநாளையே நடத்தினாள்:
பனியில் ஊர்வலம், ஏழு சுடர்,
காற்றுக்குக் கை மறைத்தபடி கன்னியர்.
பேராசிரியர்கள் புகழ்ந்தார்கள்.
ஒருவர் திருடவும் செய்தார்.

இருபத்தாறு வருஷம் எரிந்தது அந்தச் சுடர்.

பிறகு சனாப்ரியாவில்
பேருந்து பழுதாகி நின்ற ஒரு பிற்பகல்,
கால்நடை வைத்தியரிடம் ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள்:
"வெறும் காய்ச்சல் இல்லை ஐயா, செர்லா!
தொண்டையைத் தொட்டுப் பாருங்கள்!"
வைத்தியருக்கு முன்னால் இவள் போய்த் தொட்டாள்.
பன்றியின் கழுத்தில்
கல்லாக ஒரு வீக்கம்.
மனுஷருக்கு வருமா?
"முன்னெல்லாம் வரும்.
வந்தால் மூன்றாம் நாள் மணி அடிப்பார்கள்."

மார்ச் மாதத்தில் மடத்துக்கு
மாவு குறைவாக வாங்கியிருந்ததை
அவள் அன்றைக்கே கவனித்திருந்தாள்.
நோன்புக்காலம் என்று குறிப்பெழுதியிருந்தாள்.

இத்தனையும் மேசைக்கு முன் நின்றபடியே சொன்னாள்.
பின்னால் வரிசையில் ஒரு ராணுவ மாணவன் இருமினான்.
நூலகப் பொருளில் எதுவும் ஒட்டக்கூடாது என்றேன்,
விதி பதினேழு.
சரி என்றாள்.
படிவம் நிரப்பித்
தன் புத்தகத்தைத் தானே இரவல் வாங்கிப் போனாள்.

பதினைந்தாம் நாள் திருப்பித் தந்தாள்.
எண்பத்தொன்பதாம் பக்கம் விறைத்திருந்தது.
சீட்டு கோணல்.
பசை ஓரம் வழிந்து
அடுத்த பக்கத்தையும் கொஞ்சம் பிடித்திருந்தது.
அபராதம் பன்னிரண்டு பெசெட்டா.
எண்ணி வைத்தாள். ரசீது கேட்டாள்.
புர்கோஸ் ரயில் எத்தனை மணிக்கு என்றாள்.

சேதப் பதிவேட்டில் மூன்று கட்டங்கள்.
பொருள் எழுதினேன், சேதம் எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில்
பேனாவை ஒருமுறை உதறிவிட்டு
செர்லா என்று எழுதி மேலே அனுப்பினேன்.

வியாழக்கிழமை திரும்பி வந்தது.
யாரோ சிவப்பு மையில்
நடுவெழுத்தை அடித்திருந்தார்கள்.
மெழுகுக் கறை என்றுதான்
பதிவாகியிருக்கிறது.